போனவள் பெயரால் ஒருத்தி பிழைக்கட்டும்!

பழைய வண்டித்தடங்கள் ஓடிய ஊர்களில் சுமைதாங்கிக் கல் இன்றும் அங்கங்கே நிற்கிறது. இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே கிடத்திய நீளமான ஒரு கல். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர் யாருடைய கைத்தாங்கலும் இல்லாமல், நின்றவாக்கில் மூட்டையை அதன்மேல் தள்ளிவிடலாம். வேர்வையைத் துடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். அதற்குத் தோதான உயரத்தில்தான் கல்லை நட்டிருப்பார்கள். சில கற்களில் பெயரும் ஆண்டும்கூட வெட்டியிருக்கும்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவளைப் பெற்றவர்களோ கட்டியவனோ நட்ட கல் அது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே என்ற ஆற்றாமையில் நட்டது. வழிப்போக்கர்கள் அங்கே சுமையை இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் இதே காரணத்துக்காகச் சுமைதாங்கிகள் கட்டியிருக்கிறார்கள்.

ஆக, பிரசவத்தில் போன உயிரின் நினைவாக ஊருக்கு ஒன்றைக் கொடுப்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. அந்தக் கல்லை நட்டவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். உதிரப்போக்கை நிறுத்த ஊசி கிடையாது. ஜன்னி கண்டால் மருந்து கிடையாது. ரத்தம் ஏற்றலாம் என்பதே தெரியாத காலம். இன்று இவை எல்லாம் இருக்கின்றன. எனவே அம்மாவின் திதிக்கோ, மகளின் நினைவு நாளுக்கோ, மனைவியின் வருஷாப்திக்கோ பணம் எடுத்து வைக்கிற எவரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் காசு யாராவது ஒரு பிள்ளைத்தாச்சியை உயிரோடு வீடு திரும்பவைக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன கொடை ஒன்று வேலூரில் நிற்கிறது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி மருத்துவர். அப்பாவும் மருத்துவர். ஐடாவுக்கோ இந்த ஊரும் வேண்டாம், மிஷன் வேலையும் வேண்டாம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பதுதான் திட்டம்.

ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தவர் பிராமணர். அடுத்து ஓர் இஸ்லாமியர். மூன்றாவதாக வேறொரு மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்கு வலி கண்டு, பிள்ளை வராமல் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. “அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன்” என்று ஐடா சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் வந்து பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடாவின் மனமாற்றக் கதையாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூன்று பெண்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. என்ன வயது, எத்தனையாவது பிரசவம், எத்தனை நாழிகை வலியோடு கிடந்தார்கள்? இந்தக் கதை சொல்லப்படும் இடங்களில் எல்லாம் கணவன்மாரின் சாதி இருக்கிறது, மதம் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் அஸ்திவாரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று நியூயார்க்கில் கதவு கதவாகப் போய்ப் பணம் கேட்டபோது, மன்ஹாட்டன் வங்கியாளர் ராபர்ட் ஷெல் 10,000 டாலர் கொடுத்தார். இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

1900 ஜனவரியில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். கொஞ்ச மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்தவர் போய்விட, முப்பது வயதைத் தொடாத பெண் தனியாக நின்றார். வீட்டிலேயே ஓர் அறையில் வைத்தியத்தைத் தொடங்கினார். சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணைப் பழக்கித் துணைக்கு வைத்துக்கொண்டார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறந்தது. வேலூர் ஆரணி ரோட்டில் இன்று கண் ஆஸ்பத்திரியாக இருக்கும் ‘ஷெல்’ அதுதான். அங்கே மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நிற்கிற எத்தனை பேருக்கு அது ஒரு மனைவியின் பெயர் என்று தெரியும்?

வங்கியாளர் கொடுத்தது கட்டடம். கட்டடம் வந்த பிறகுதான் அடுத்த பள்ளம் தெரிந்தது. 40 படுக்கைக்கு ஒரே ஒரு டாக்டர். அவர் ஒரு பிரசவத்தில் இருக்கும்போது இன்னொருத்திக்கு உதிரம் கொட்டினால் யார் பார்ப்பது? ஊர் ஊராக வண்டி கட்டிப் போய்ப் பார்த்தாலும் அவர் ஒருத்தி எத்தனை ஊருக்குப் போக முடியும்? திண்டிவனத்தில் மூன்று பெண்கள் செத்தது கட்டடம் இல்லாததால் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண் இல்லாததால். ஐடா அதை மறக்கவில்லை. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் டாக்டருக்குப் படித்துத் தேறுவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்ட காலம். 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (சி.எம்.சி.) அங்கிருந்து வளர்ந்ததுதான்.

என் பார்வையில் வேலூர் சொல்லும் பாடம் இதுதான்: நினைவுக் கொடை சுவரில் தொடங்கலாம், கைகளில் போய் முடிய வேண்டும். பிரசவ வலியில் கிடக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த இரண்டு கைகள்.

நம் ஊர்க்காரர்களும் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். சென்னை மயிலாப்பூரின் கல்யாணி மருத்துவமனை, திவான் பகதூர் என்.சுப்பிரமணியம் தன் தாயின் நினைவாகக் கட்டியது. ‘கல்யாணி’ அந்தத் தாயின் பெயர்.

கஸ்தூரிபா என்கிற தாய்

1944 பிப்ரவரி 22. புனே ஆகாகான் மாளிகையில் சிறைக்காவலில் இருந்தபடியே கஸ்தூரிபா காந்தி இறந்தார். அவர் நினைவாக ஒரு நிதி திரட்டுவது என்று முடிவானது. காந்தியின் 75-வது பிறந்தநாளுக்குள் 75 லட்சம் ரூபாய் என்பது இலக்கு. போர்க்காலம், பஞ்ச காலம், தலைவர்கள் பலர் சிறையில். அப்படியும் மக்கள் கொடுத்தது ஒரு கோடியைத் தாண்டியது. அந்தப் பணத்தைக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் செலவிட வேண்டும் என்பதில் காந்தி பிடிவாதமாக இருந்தார்.

ஏன் பெண்களும் குழந்தைகளும் என்பதற்குக் கஸ்தூரிபாவின் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. பதின்பருவத்திலேயே பெற்ற முதல் பிள்ளை மூன்று நான்கு நாள்கூடத் தங்கவில்லை. கடைசிப் பிள்ளை தேவதாஸ் 1900-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தபோது வலி திடீரென்று கண்டது. டாக்டர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவச்சியை அழைத்துவரவும் நேரம் ஆனது. பிரசவம் பற்றிய ஒரு குஜராத்தி நூலைப் படித்து வைத்திருந்த காந்தியே பிரசவம் பார்த்தார். தன் சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார். பக்கத்தில் தெரிந்த ஆள் இல்லாத பிரசவம் எப்படி இருக்கும் என்பதைக் கஸ்தூரிபா தன் உடம்பால் அறிந்தவர். அவர் பெயரிலான அறக்கட்டளை கிராமத்துப் பெண்களைச் சேவிகைகளாகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவித்தது எவ்வளவு பொருத்தம்! 1945-ல் சேவாகிராமத்தில் டாக்டர் சுசீலா நய்யார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் தொடங்கிய 15 படுக்கை மருத்துவமனைக்கும் கஸ்தூரிபா பெயர்தான்.

அந்த அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். மருத்துவரான கணவர் 1925-ல் இறந்தபோது சௌந்தரத்துக்கு இருபது சொச்சம் வயது. விதவைப் பெண்ணை வீட்டின் பின்கட்டில் உட்காரவைக்கிற காலத்தில் அவர் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் உருவானது. சின்னாளப்பட்டியில் சின்னதாகத் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் அதே ஆஸ்பத்திரியில் பிறந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கோடிக்கு மேல் சேர்ந்த அந்த நிதியில், பெயர் வெளியே தெரியாமல் காலணாவும் அரையணாவும் போட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. கொடை வேலை செய்கிறது.

எது கொல்கிறது?

2023-ல் உலகம் முழுக்கக் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் ஒன்றுக்கு 700-க்கு மேல். இந்தியாவில் 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். கேரளத்தில் அது 19. தமிழ்நாட்டில் 54. அசாமில் 195. ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே பாடப்புத்தகம். அசாமில் அப்போது தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்ணுக்குக் கேரளத்துப் பெண்ணைவிடப் பத்து மடங்கு ஆபத்து இருந்தது. இது விதி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொல்பவற்றில் முதலில் நிற்பது பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு. பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வந்த பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தக் குழாய்கள் திறந்தபடியே இருக்கும். நல்ல திடகாத்திரமான பெண்கூடச் சில மணி நேரத்தில் போய்விடுவாள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்கு அந்த அவகாசமும் கிடையாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை.

கொடுமை என்னவென்றால், கொட்டுகிற ரத்தத்தின் அளவு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. துணியில் ஊறும், மெத்தையில் இறங்கும், தரையில் வழியும். அனுபவப்பட்ட நர்ஸே கண்மதிப்பில் பாதியைத் தவறவிடலாம். அதை அளக்கப் பெரிய எந்திரம் ஏதும் வேண்டியதில்லை. பிரசவ மேஜையில் பெண்ணின் இடுப்புக்கு அடியில் விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் கீழ்ப்பக்கம் புனல் போலக் குவிந்து ஒரு பையாகத் தொங்கும். பையில் அளவுக்கோடுகள். ரத்தம் அதில் இறங்கும்போது எத்தனை மில்லி என்று கோடு சொல்லிவிடும். 300-ஐத் தொட்டதும் உஷார், 500 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வயிற்றை அழுத்தித் தேய்ப்பது, கர்ப்பப்பை இறுகுவதற்கான ஊசி, ரத்தம் உறைய டிரனெக்சாமிக் அமிலம், சலைன், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இதைச் செய்துபார்த்தார்கள். 2023-ல் வந்த முடிவு: கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவிகிதம் குறைந்தன.

டிரனெக்சாமிக் அமிலம் பற்றிய பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. 20,000 பெண்களிடம் செய்த ஆய்வு. பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், உதிரப்போக்கால் வரும் சாவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே கிடைப்பதுதான். கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசினும் மலிவு. ஆனால், அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கரன்ட் போய்ப் போய் வருகிற ஊரில், சரியாக ஓடாத ஃப்ரிட்ஜில் வீரியம் இழந்த ஊசியைப் போட்டு என்ன பயன்? ஒரு நல்ல ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் ஒரு தாயைக் காப்பாற்றும் என்பது மிகைப்படுத்தல் இல்லை.

சாவைச் சட்டமாக்கியவர்

கொடை என்றால் பணம் மட்டும்தானா? அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் கிரா ஜான்சன் என்ற பெண் இரண்டாவது பிள்ளையை சிசேரியனில் பெற்றார். பெரிய நகரம், வசதியான ஆஸ்பத்திரி. உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று கணவர் சார்லஸ் ஜான்சன் மணிக்கணக்கில் மன்றாடினார். மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டு போனபோது காலம் கடந்திருந்தது. கிரா பிழைக்கவில்லை. சார்லஸ் மனைவி பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் மாகாணக் குழுக்கள் ஆராய நிதி தரும் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது.

இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்கு வெகு முன்பே இறங்கிவிட்டது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே தாமதம், யாரிடம் ரத்தம் இல்லை என்று கேட்டு எழுதும் தணிக்கையை இங்கே 1990-களிலேயே தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பலனும் கிடைத்தது. இறந்தவளுக்குச் செய்யும் முதல் மரியாதை, எதனால் இறந்தாள் என்பதை மறைக்காமல் சொல்வது. வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்த குடும்பங்கள், “போனது போச்சு, எதுக்குக் கிளறணும்” என்று விசாரணைக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டாம். நீங்கள் சொல்வதும் கொடைதான்.

எதைக் கொடுப்பது?

“அம்மா பேர்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபேன் வாங்கிப் போடலாம்னு இருக்கோம்” என்று வருகிறவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் பிரசவ வார்டில் ஃபேனும் வேண்டும். ஆனால், வாங்குவதற்கு முன்னால் அங்கே இருக்கும் மருத்துவ அலுவலரையோ லேபர் வார்டு சிஸ்டரையோ ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்குத் தேவை என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஏற்கெனவே மூன்று வீல்சேர் மூலையில் கிடக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ரிப்பேராகி மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம்.

பணமே இல்லாதவர்களும் கொடுக்கக்கூடியது ரத்தம். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாத எடை, போதுமான ஹீமோகுளோபின் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். சேமித்த சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம்தான் தாங்கும். அதனால்தான் ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நின்று கொடுப்பதைவிட, ஒரு குடும்பத்தில் நான்கு பேர் வருடம் முழுக்க முறை வைத்துக் கொடுப்பது ரத்த வங்கிக்குப் பெரிய உதவி. பாட்டியின் திதி, தாத்தாவின் திதி, அத்தையின் நினைவு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தர்ப்பணம் முடிந்ததும் நேராக ரத்த வங்கிக்குப் போகலாம். வயிற்றில் சாப்பாடு மட்டும் இருக்கட்டும், விரதத்தோடு போகாதீர்கள்.

கொஞ்சம் பணம் இருந்தால் வேலூர் வழியில் யோசியுங்கள். வசதியில்லாத ஒரு பெண்ணுக்கு நர்ஸிங் படிப்புக்கான கட்டணத்தை உங்கள் அம்மா பெயரில் கட்டுங்கள். அவள் முப்பது வருடம் வேலை பார்ப்பாள். அவள் கையால் எத்தனை பிரசவம் நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேறெந்தக் கொடையும் இதற்கு ஈடில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

பெரிய தொகை இருந்தால் நம் மாவட்டத்தைத் தாண்டியும் பாருங்கள். தாய்மார் அதிகம் சாகிற இடம் எதுவோ அங்கே போகட்டும் அந்தப் பணம். நம் மாநிலத்திலேயே மலைக் கிராமங்கள் இருக்கின்றன. வலி கண்டால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிற்கிற ரோடு வரை இறங்க வேண்டிய ஊர்கள். பிரசவத் தேதிக்கு முன்பே கீழே வந்து தங்க ஓர் அறையும், கூட வந்த மாமியாருக்குச் சாப்பாடும் இருந்தால் அந்தப் பயணமே தேவைப்படாது. அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால் பதிவு, வருமான வரிச் சலுகைக்கான சான்று, ஆண்டுக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல அமைப்புகள் கேட்காமலேயே காட்டும். அடுத்த ஆண்டு நினைவு நாளிலும் திரும்பப் போய், கொடுத்தது என்ன ஆனது என்று விசாரியுங்கள். ஒரு முறை கொடுத்து மறப்பதைவிட, சிறு தொகையானாலும் வருடா வருடம் கொடுப்பது வார்டை நடத்துகிறவர்களுக்குப் பெரிய பலம்.

இந்த வருடம் உங்கள் வீட்டில் யாருக்குத் திதி வருகிறதோ, அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே டியூட்டியில் இருக்கும் சிஸ்டரிடம், “எங்கம்மா பேர்ல ஏதாவது செய்யணும், இங்க என்ன குறையுது சிஸ்டர்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, அதையே வாங்கிக் கொடுங்கள்.